துப்பாக்கியை இறக்கி வைத்த வேட்டைக்காரர்: தியோடர் ஹபாக்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கோலாலம்பூர் பழைய ரயில் நிலையம் வீட்டு வாசல் மாதிரி. 1910-இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தின் குவிமாடங்களைப் பார்த்தபடியேதான் நம் தாத்தாக்கள் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வேலைக்குப் போனார்கள். அதை வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹபாக். 1909-இல் எழுந்த ஜாமெக் பள்ளிவாசலும் அவர் கைவண்ணமே.

அவருக்கு ஒரு தம்பி இருந்தார். பெயர் தியோடர் ஹபாக். அண்ணன் நகரத்தில் கட்டடங்களை விட்டுச் சென்றார். தம்பி விட்டுச் சென்றது ஒரு காடு. இன்று தாமான் நெகாரா என்று நாம் அழைக்கும் 4,343 சதுர கிலோமீட்டர் காடு பாதுகாக்கப்பட்ட பூங்காவானதில் இவருடைய பங்கு மிகப் பெரியது. ஆனால் அவர் காட்டுக்குள் முதலில் நுழைந்தது துப்பாக்கியோடுதான்.

பள்ளிகளில் வரலாற்று வாரம் வந்தால் மாணவர்களுக்கு வேடம் போடுவது வழக்கம். அந்தக்கால வெள்ளைக்கார வேட்டைக்காரர் என்றால் ஒரு தொப்பி, ஒரு துப்பாக்கி, காக்கி உடை, அவ்வளவுதான் என்று நினைப்போம். தியோடர் ஹபாக்குக்கு அது போதாது. வாழ்க்கையின் ஒவ்வொரு கட்டத்திலும் அவர் தோளில் சுமந்த பொருள் மாறியது. எதை எப்போது சுமந்தார் என்று பார்த்தாலே அவர் கதை விளங்கிவிடும்.

கையில் மட்டை

தியோடர் ராத்போன் ஹபாக் 1872-இல் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை ஜோசப் ஹபாக் லிவர்பூல் நகரத்தின் மேயராக இருந்தவர். வசதியான குடும்பம். இளம் வயதில் தியோடர் கையில் பிடித்தது கிரிக்கெட் மட்டை. 1892-இல் லங்காஷயர் அணிக்காக ஆடும் அளவுக்குத் தேர்ந்த ஆட்டக்காரர்.

ஆனால் ஊரில் அவர் தங்கவில்லை. 1890-களில் அண்ணன் தம்பி இருவருமே மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஆர்தர் 1895-இல் சிலாங்கூர் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். தியோடரும் முதலில் இங்குள்ள கட்டுமானப் பணிகளில்தான் இறங்கினார். பிறகு நெகிரி செம்பிலான் பக்கம் போய் தோட்டத் துரை ஆனார்.

அன்றைய கோலாலம்பூர் இன்று நாம் பார்க்கும் ஊர் இல்லை. ஈய லம்பங்களும் செம்மண் சாலைகளும்தான். கிள்ளானுக்கு ரயில் ஓடியது, ஆனால் தண்டவாளத்துக்கு இருபுறமும் காடு நெருங்கி நின்றது. சாலை போடவும் தண்டவாளம் இடவும் தமிழ்நாட்டிலிருந்து ஆள் வந்துகொண்டிருந்த காலம். காடு என்றால் எல்லாருக்கும் ஒரே எண்ணம்: அழிக்க வேண்டியது, அழித்தாலும் தீராதது.

தோளில் ரைபிள்

பாடு முடிந்த நேரத்தில் துரைமார்கள் கிளப்புக்குப் போவார்கள். தியோடர் காட்டுக்குப் போனார். நெகிரி செம்பிலானும் பகாங்கும் சந்திக்கும் எல்லைக் காடுகளில் யானையையும் செலாடாங்கையும் தேடி நாள் கணக்கில் நடந்தார். செலாடாங் என்பது நம் ஊரில் காட்டெருது என்று சொல்லும் பெரிய விலங்கு. அடிபட்ட செலாடாங் திரும்பி வந்து மறைந்து நின்று தாக்கும் என்பதால் புலியைவிட அதற்கு வேட்டைக்காரர்கள் அதிகம் பயந்தார்கள்.

அந்தக் காலத்து வேட்டைக்காரரின் மூட்டையை இன்று அப்படியே சேர்க்க வேண்டுமானால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தலையில் நெட்டித் தொப்பி. நெட்டிச் செடியின் தக்கையால் செய்து மேலே துணி ஒட்டியது. வெயிலுக்கு நல்லது, மழையில் ஊறினால் கனத்துப் போகும். உடல் முழுக்கப் பருத்திக் காக்கி. ராணுவப் பச்சை உடையும் இலை அச்சுப் போட்ட துணியும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பரவியவை. 1900-ஐக் காட்டும் வேடத்தில் அவை வந்தால் தப்பு. சிப்பு கூடாது, பொத்தான்தான். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை துணிப்பட்டி சுற்றியிருக்க வேண்டும். அட்டைகள் ஏறாமலிருக்க அதுதான் காவல். புகையிலையை ஊறவைத்து அதன் மேல் தடவுவதும் உண்டு.

துப்பாக்கி விஷயத்தில் ஆண்டுக்கு ஆண்டு வேறுபாடு இருக்கிறது. பழைய யானைத் துப்பாக்கிகள் கருமருந்தில் இயங்கியவை. ஏழு கிலோவுக்குக் குறையாத கனம். ஒரு தடவை சுட்டால் எழும் புகை அடர்ந்த காட்டில் கலையாமல் நிற்கும். எதிரே யானை விழுந்ததா, வருகிறதா என்று தெரியாது. 1898-இல் இங்கிலாந்தின் ரிக்பி நிறுவனம் கார்டைட் என்னும் புகையில்லா மருந்தில் இயங்கும் பெரிய இரட்டைக் குழல் ரைபிளைக் கொண்டு வந்தது. கனம் குறைந்தது, வேகம் கூடியது, புகை போயிற்று. ஒரு மனிதன் யானைக் கூட்டத்தை நெருங்கிச் சுட்டுவிட்டு உயிரோடு திரும்புவது அதன் பிறகு எளிதானது. விலங்குகளின் கெட்ட காலமும் அங்கேதான் வேகமெடுத்தது.

இன்று யாராவது இந்த வேடத்துக்குப் பொருள் சேர்க்கிறார்கள் என்றால் துப்பாக்கி மரத்தில் செதுக்கியதாகவே இருக்கட்டும். அதையும் மேடைக்கு வெளியே வெளிப்படையாக எடுத்துச் செல்ல வேண்டாம். நம் நாட்டுச் சட்டம் போலித் துப்பாக்கியையும் லேசாக விடுவதில்லை. காக்கி உடையை பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் லிட்டில் இந்தியாவிலோ ஒரு நல்ல தையற்காரரிடம் கொடுத்தால் பழைய படத்தைப் பார்த்தே தைத்துவிடுவார். அரிக்கேன் விளக்கும் பித்தளைச் சாமான்களும் பழம்பொருள் சந்தைகளில் கிடைக்கும்.

மூட்டையில் இன்னும் சில உண்டு. அரிசி, கருவாடு, டின் பால், ஈரம் படாமல் தகர டப்பியில் தீப்பெட்டி, கொசுவலை, கொயினா மருந்து. மலேரியா கொசுவால் வருகிறது என்பது 1897-இல் ரொனால்ட் ரோஸ் கண்டுபிடித்தது. கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடிகட்டிக் காய்ச்சலை அடக்கியது 1901-க்குப் பிறகு. அதற்கு முன் காட்டில் உறங்கியவன் உயிர் கொயினாவை நம்பித்தான் இருந்தது.

இத்தனையையும் வேட்டைக்காரர் தனியாகச் சுமக்கவில்லை. பிரம்புக் கூடைகளில் சுமந்து நடந்தவர்கள் காட்டை அறிந்த மலாய்க்காரர்களும் பூர்வகுடி மக்களும். யானை எந்த நேரத்தில் எந்த ஓடையில் இறங்கும், ஒடிந்த கிளையின் பால் காய்ந்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த பாடம். அவர்கள் இடுப்பில் பாராங் கத்தி, காலில் ஒன்றுமில்லை. வேட்டைக்காரரை மேடையேற்றினால் பக்கத்தில் இவர்களில் ஒருவரையாவது நிறுத்த வேண்டும். இல்லையென்றால் அது பாதி வரலாறுதான்.

மேசையில் நூல்

1905-இல் தியோடர் தம் வேட்டை அனுபவங்களை ஒரு நூலாக எழுதினார். அன்றைய மலாய்க் கூட்டு மாநிலங்களில் யானையையும் செலாடாங்கையும் வேட்டையாடுவது பற்றிய அந்த நூல் லண்டனில் வெளிவந்தது. இன்று வாசிப்பவருக்கு மனம் கூசும் இடங்கள் அதில் இருக்கும். ஆனால் விலங்கின் பழக்கத்தை அவர் எவ்வளவு கூர்ந்து பார்த்தார் என்பதும் தெரியும். அந்தக் கண்தான் பிற்காலத்தில் அவரை மாற்றியது.

நூல் வந்த ஆண்டுகளில்தான் ரப்பர் விலை ஏறத் தொடங்கியது. காடு ஏக்கர் கணக்கில் விழுந்தது. களை எடுக்கவும் பால்மரம் வெட்டவும் கங்காணிகளோடு கப்பல் கப்பலாக நம்மவர்கள் வந்தார்கள். 1930-களில் மலாயாவில் ரப்பர் பரப்பு 30 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. யானை தலைமுறை தலைமுறையாக நடந்த தடத்தில் லயமும் பெரட்டுக் களமும் நின்றன.

இதைத் தோட்டத் துரையாகவும் வேட்டைக்காரராகவும் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர் தியோடர். செலாடாங் மேய்ந்த வெளிகள் காலியாகிக்கொண்டிருந்தன. காண்டாமிருகத்தின் கொம்புக்கு விலை கூடியதால் அது கண்ணி வைத்துக் கொல்லப்பட்டது. தாமும் தம்மைப் போன்றவர்களும் சுட்டுத் தள்ளியதும் அந்தக் கணக்கில் சேரும் என்பதை அவர் அறியாதவரில்லை.

கழுத்தில் கேமரா

இடையில் அவர் வெகு தூரம் போனார். அலாஸ்காவின் பனிக்காட்டில் வேட்டையாடினார். 1929-இல் அதையும் நூலாக்கினார். ஆனால் பகாங் காடே அவரை மீண்டும் இழுத்தது. இந்த முறை துப்பாக்கியோடு கேமராவும் வந்தது. நாளடைவில் துப்பாக்கி பின்னுக்குப் போய் கேமராவே முன்னுக்கு வந்தது.

படம் எடுப்பது சுடுவதைவிடக் கடினம் என்பது அந்தக் காலத்துக் கேமராவைப் பார்த்தால் புரியும். மலாயாக் காட்டில் பட்டப்பகலிலும் வெளிச்சம் குறைவு. ஈரத்தில் பிலிம் பூஞ்சை பிடிக்கும். சுடுவதற்கு ஒரு நொடி போதும். படத்துக்கு விலங்கு அசையாமல் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். உப்பு ஊற்றுகளுக்கு யானையும் செலாடாங்கும் வந்து மண் நக்கும். அத்தகைய இடத்தில் மூச்சடக்கிக் காத்திருப்பதுதான் புதிய வேட்டை.

கையில் காகிதக் கட்டு

1920-களில் அவர் பகாங்கில் வனவிலங்குக் காவல் பொறுப்பைக் கௌரவப் பதவியாக ஏற்றார். அதன் பிறகு அவர் சுமந்ததெல்லாம் காகிதம். மனுக்கள், கடிதங்கள், அறிக்கைகள். குனோங் தஹான் மலையைச் சுற்றிய காட்டைக் காப்பகமாக்க வேண்டும் என்ற முயற்சிக்கு 1925-இல் பலன் கிடைத்தது. ஆனால் காப்பகம் என்பது அரசாங்கம் நினைத்தால் ஒரே கையெழுத்தில் எடுத்துவிடக்கூடியது. எடுக்க முடியாத ஒன்றை அவர் கேட்டார்: தேசியப் பூங்கா.

எதிர்ப்பு வலுவாக இருந்தது. எதிர்த்தவர்களில் முன்னின்றவர்கள் அவருடைய பழைய கூட்டாளிகளான தோட்டத் துரைமார்கள். யானை கன்று ரப்பரை மிதித்துப் போட்டால் நட்டம் கம்பெனிக்கு. ஆகவே யானையைச் சுட அனுமதி வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். பயிரைக் காக்க என்று கொடுத்த துப்பாக்கி, காட்டுக்குள் போய் விலங்கைத் தேடிச் சுடுகிறது என்பது தியோடரின் வாதம். யானைக்குப் போக இடம் விட்டால் அது தோட்டத்துக்கு ஏன் வரப் போகிறது என்பதே அவர் கேள்வி.

இதில் தோட்டப்புற மக்களின் நிலை இரண்டுக்கும் நடுவே இருந்தது. யானை வந்தால் முதலில் போவது லயத்துக்குப் பின்னால் போட்ட வாழையும் மரவள்ளியும்தான். இருட்டில் பால்மரம் வெட்டக் கிளம்புகிறவர் புலி பயத்தோடுதான் கிளம்புவார். துரைக்குத் துப்பாக்கி இருந்தது. தொழிலாளிக்குக் கையில் விளக்கும் வாயில் சாமி பெயரும்தான் இருந்தன. காட்டைக் காப்பதா தோட்டத்தைக் காப்பதா என்று வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் வாதாடியபோது, அவர்களிடம் அபிப்பிராயம் கேட்பது அபூர்வம்.

1930-இல் மலாயா வனவிலங்கு ஆணையம் அமைக்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு தியோடரிடம் வந்தது. மாநிலம் மாநிலமாகச் சென்று சாட்சியம் திரட்டினார். தோட்டக்காரர்கள், அதிகாரிகள், கிராமத்தார் எனப் பல தரப்பினர் பேசினார்கள். 1932-இல் மூன்று தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது. எந்த விலங்கை எப்படிக் காப்பது, எங்கே வேலி, எங்கே விலக்கு, யாருக்கு உரிமம், பூங்காவின் எல்லை எது என்று ஒன்றையும் விடவில்லை.

உலகமே பொருளாதாரச் சரிவில் தத்தளித்த ஆண்டுகள் அவை. ரப்பர் விலை விழுந்து நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்ட நேரம். காட்டு விலங்குக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்? அறிக்கை அலமாரியில் தூங்கியிருக்கும். தியோடர் அதைத் தூங்கவிடவில்லை. இங்கேயும் லண்டனிலும் விடாமல் எழுதினார், பேசினார்.

1935-இல் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழா வந்தது. அதன் நினைவாகப் பகாங், கிளந்தான், திரெங்கானு சுல்தான்கள் மூவரும் தங்கள் மாநிலக் காட்டை ஒதுக்க ஒப்புக்கொண்டார்கள். 1938, 1939-ஆம் ஆண்டுகளில் மூன்று மாநிலங்களிலும் சட்டம் நிறைவேறியது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா பிறந்தது. தியோடருக்கு அப்போது அறுபத்தைந்து வயது தாண்டியிருந்தது.

அந்த எல்லைக் கோட்டுக்குள் பாத்தேக் பூர்வகுடி மக்களும் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். விலங்குக்கு என்று வரைந்த வரைபடத்தில் அவர்களுக்கான இடம் எது என்ற கேள்வியும் அன்றிலிருந்தே தொடர்கிறது. நல்ல காரியத்திலும் விடுபட்டவர்கள் இருப்பார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது.

கடைசி நாட்கள்

1939-இல் இரட்டைக் கொம்புக் காண்டாமிருகத்தைப் பற்றி அவர் எழுதினார். அந்த இனம் தீர்ந்துபோகும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. ஆனால் உலகத்தின் கவனம் வேறு பக்கம் போய்விட்டது. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. வெள்ளைக்காரர்கள் தெற்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். அதே 1942-இல் தியோடர் ஹபாக் மலாயா மண்ணிலேயே உயிர் நீத்தார். அண்ணன் ஆர்தர் இங்கிலாந்தில் 1948 வரை வாழ்ந்தார்.

போர் வேறொன்றையும் கொண்டுபோனது. 1945 மார்ச் 10-இல் கோலாலம்பூர் ரயில் பணிமனைகளைக் குறிவைத்த நேசநாட்டு விமானங்களின் குண்டு சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் மேல் விழுந்தது. பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்த பழம்பொருட்களும் விலங்கு மாதிரிகளும் அழிந்தன. இன்றைய தேசிய அருங்காட்சியகம் அதே இடத்தில்தான் 1963-இல் எழுந்தது. பழைய காலத்துப் பொருள் நம் நகரத்தில் அரிதாக இருப்பதற்கு அந்த ஒரு நாளும் காரணம்.

மிச்சம் இருப்பது

நாடு சுதந்திரம் அடைந்தபின் பூங்காவின் பெயர் தாமான் நெகாரா ஆயிற்று. 1974 முதல் தோட்டங்களில் புகும் யானைகளைச் சுடுவதற்குப் பதிலாகப் பிடித்து இடம் மாற்றும் வழி வந்தது. அப்படிக் கொண்டுபோய் விடப்படும் இடங்களில் தாமான் நெகாராவும் ஒன்று. யானைக்குப் போக இடம் வேண்டும் என்று தியோடர் வாதாடியது இப்படித்தான் நடைமுறைக்கு வந்தது.

காண்டாமிருகத்துக்கு அந்த இடமும் உதவவில்லை. மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகமான இமான் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. தேசியச் சின்னத்தில் நிற்கும் புலியோ, 150-க்கும் குறைவாகவே காட்டில் மிஞ்சியிருப்பதாக அண்மைய கணக்கெடுப்பு சொல்கிறது. கண்ணி வைப்பவர்கள் இன்னும் காட்டுக்குள் நடக்கிறார்கள்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. குழந்தைக்குத் திருஷ்டி படாது என்று புலிநகம் கட்டுவதும், தங்கத்தில் புலிப்பல் பதக்கம் போடுவதும் நம் வீடுகளில் இருந்த பழக்கம். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புலியின் நகத்தையோ பல்லையோ அனுமதியின்றி வைத்திருப்பது கடும் குற்றம். வாங்க ஆள் இருக்கும் வரை கண்ணி வைக்கவும் ஆள் இருக்கும். வேட்டைக்கார வேடத்துக்கு அழகு சேர்க்க என்று உண்மையான பல்லையோ நகத்தையோ யாரும் தேடிப் போகவே வேண்டாம். மரமோ மாவோ போதும்.

அடுத்த முறை ஒரு பிள்ளைக்குத் தியோடர் ஹபாக் வேடம் போடுகிறவர்கள் நெட்டித் தொப்பியும் காக்கியும் கால்பட்டியும் சேர்க்கட்டும். மரத் துப்பாக்கியைத் தோளில் மாட்டட்டும். கூடவே கக்கத்தில் கயிற்றால் கட்டிய மூன்று தடித்த காகிதக் கட்டுகளையும் வைக்க வேண்டும். துப்பாக்கி எல்லா வேட்டைக்காரர்களிடமும் இருந்தது. தாமான் நெகாராவில் இன்றைக்கும் ஒரு யானைக்கூட்டம் தெம்பெலிங் ஆற்றைக் கடக்கிறதென்றால், அதற்கு வழி திறந்தது அந்த மூன்று கட்டுகள்தான்.